மருந்துக் கவரில் வாடகைப் பணம்

திங்கட்கிழமை, கடையில் கூட்டம் இல்லாத மதியம்

நாற்பது வயதில் புத்தகப்பை தூக்கியிருக்கும் என் கணவருக்கு,

நானும் மகளும் என் தம்பியும் நலம். நீங்கள் நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் சொல்வீர்கள் என்பதால் கேட்கவில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் நீங்கள் 'எல்லாம் நல்லாருக்கு, நீ எப்படி இருக்க' என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறீர்கள். உடனே மகள் பிடுங்கிக்கொள்கிறாள். அவள் விட்டால் என் தம்பி வாங்கி, அந்த ஊர்க் காசு இன்று நம் காசுக்கு எவ்வளவு என்று வானிலை அறிக்கை வாசிக்கிறான். எனக்கு உங்களைத் திட்ட நேரமே கிடைப்பதில்லை. அதனால் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். நீங்களும் கையால் எழுதி அனுப்புங்கள். கையெழுத்தைப் பார்த்தாவது நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று தெரிந்துகொள்வேன்.

விமான நிலையத்தில் நடந்ததை மகள் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரித்துவிட்டு மறுபடியும் சொன்னாள். அதிகாரி உங்கள் பையைத் திறந்து, நாற்பது மருந்துக் கவரைக் கண்டு, இத்தனை மருந்து யாருக்கு என்று கேட்டாராம். நீங்கள் ஒவ்வொன்றாகக் காட்டி, இது வாடகைக்கு, இது சாப்பாட்டுக்கு, இது சோப்புக்கு என்று விளக்கினீர்களாம். அவர் தோளில் தட்டி அனுப்பிவிட்டாராம். அந்தத் தட்டலுக்கு என்ன அர்த்தம் என்று மகள் கேட்கிறாள். மரியாதை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

யார் சிரித்தாலும் சரி, நம் வீடு பன்னிரண்டு வருடமாக அந்தக் கவர்களில்தான் ஓடுகிறது. மருந்துக் கடையின் போன் நம்பரைத் தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்று முதலாளி எனக்கு ஒரு கட்டுக் கவரைச் சும்மா கொடுத்தார். அந்தக் கட்டுதான் நம் குடும்பத்தைக் காப்பாற்றியது. சம்பளம் வந்த அன்றே பால், கரண்ட், பள்ளிக்கூடம், வாடகை என்று பிரித்துப் போட்டுவிட்டால் ஒன்றின் வாயில் இன்னொன்று கை வைக்காது. அதற்கு முன்பு உங்கள் சம்பளம் எப்படிப் போனது என்று நினைவிருக்கிறதா? பத்தாம் தேதிக்கு மேல் நாம் பேசிக்கொண்டதே இல்லை.

அங்கேயும் அதையே செய்யுங்கள். உதவித்தொகை வந்த அன்றே முழுவதையும் எடுத்துக் கவரில் பிரித்துவிடுங்கள். கணக்கில் கிடக்கும் பணம் கண்ணுக்குத் தெரியாது, கண்ணுக்குத் தெரியாத பணம் கையில் நிற்காது. கவரின் மேல் இருக்கும் காலை, மதியம், இரவு கட்டங்களில் என்ன குறிப்பது என்று கிளம்பும்போது கேட்டீர்கள். ஒன்றும் குறிக்க வேண்டாம். பணம் வேளாவேளைக்கு எடுத்துச் சாப்பிடும் பொருள் இல்லை.

எதையாவது வாங்கப் போனால் முதலில் நம் காசுக்குப் பெருக்கிப் பாருங்கள். பெருக்கினால் பாதி ஆசை அடங்கிவிடும்.

பெட்டியின் அடியில் டேப் ஒட்டிய ஒரு கவர் இருக்கும். மேலே 'வேறு வழியே இல்லையென்றால்' என்று எழுதியிருக்கிறேன். அதைத் திறக்காதீர்கள். உள்ளே என்ன என்று கேட்கவும் கேட்காதீர்கள்.

நான் வாங்குவதாக இருந்த ஸ்கூட்டியைப் பற்றி விசாரித்தீர்கள். அந்த யோசனையை விட்டுவிட்டேன். பஸ்ஸில் காற்று நன்றாக வருகிறது. உட்காரவும் இடம் கிடைக்கிறது, முந்தாநாள் கிடைத்தது.

பதினாறு வருடம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மற்றவர்கள் படிப்பதற்குக் கண்ணாடிக் குழாய் கழுவிக் கொடுத்தவர் நீங்கள். இப்போது உங்களுக்கென்று ஒரு மேஜை கொடுத்திருக்கிறார்கள். தண்ணீரைச் சோதிக்கும் படிப்பில் இரண்டு வருடத்தில் ஒரு பட்டம் வாங்கிவிட்டு வாருங்கள். இங்கே வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் உடம்பையும் கவர்களையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும்,
உங்கள் மனைவி

(பில் போட ஆள் வந்துவிட்டது. இருமல் மருந்துதான்.)


வியாழன், கடை சாத்திய பிறகு

என் கணவருக்கு,

உங்கள் ஏழு பக்கக் கடிதம் கிடைத்தது. கவுண்ட்டரில் உட்கார்ந்து படித்தேன். இரண்டு பேருக்கு மீதிச் சில்லறையை மாற்றிக் கொடுத்துவிட்டேன். பன்னிரண்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

புரிந்த வரைக்கும் வரிசையாகச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். உதவித்தொகை வந்த அன்று காலையிலேயே வங்கிக்குப் போய் ஒரு காசு மிச்சமில்லாமல் எடுத்திருக்கிறீர்கள். இங்கிருந்து நாம் அனுப்பிய ஃபீஸ் பணத்தையும் சேர்த்து. அறைக்கு வந்து, கதவைத் தாழ்ப்பாள் போட்டு, பதினொரு கவரில் பிரித்திருக்கிறீர்கள். பிறகு பஸ் கவரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினால், ஓட்டுநர் நோட்டை வாங்க மாட்டேன் என்கிறார். அட்டைதான் தேய்க்க வேண்டுமாம். கேன்டீனில் போய்ச் சாப்பாட்டுக் கவரை நீட்டினால் அங்கேயும் அட்டை. துணி துவைக்கும் மெஷின்கூட அட்டை கேட்கிறதாம். அட்டையைத் தேய்த்தால் கணக்கில் ஒன்றுமில்லை. ஆக, சட்டைப்பை நிறையப் பணத்தை வைத்துக்கொண்டு, தினமும் ஐம்பது நிமிடம் வெறும் வயிற்றோடு நடந்து கல்லூரிக்குப் போன ஒரே மனிதர் அந்த ஊரில் நீங்களாகத்தான் இருக்கும்.

இதற்குள் மூன்றாம் தேதி வந்தது. வாடகையைக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும்படி வீட்டுக்கார அம்மாவிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். வாடகை போய்க் கணக்கைத் தட்டியிருக்கிறது, உள்ளே யாரும் இல்லை. வங்கி அபராதம் போட்டது. இரண்டு நாள் கழித்து மறுபடி தட்டியது, மறுபடி அபராதம். அந்த நேரமெல்லாம் வாடகை உங்கள் தலையணைக்கு அடியில் கவரில் சுகமாகப் படுத்திருக்கிறது.

வீட்டுக்கார அம்மா பயந்துபோய், இரண்டு மாத முன்பணம் வேண்டும் என்று கேட்டாராம். அதை ஃபீஸ் கவரிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். மற்றதை எல்லாம் என் பேச்சைக் கேட்டுச் செய்தவர், ஒரு கவரிலிருந்து இன்னொன்றுக்கு எடுக்கக் கூடாது என்ற ஒரே நல்ல பேச்சை மட்டும் எப்படிக் கோட்டை விட்டீர்கள்?

மீதியை வங்கியில் திரும்பக் கட்டப் போன கதையை மட்டும் மூன்று தடவை படித்தேன். ஒரு மாணவரிடம் இவ்வளவு நோட்டு எப்படி என்று கவுண்ட்டரில் இருந்த பெண் கேட்க, நீங்கள் பையைக் கவிழ்த்து எல்லாக் கவரையும் பரப்பினீர்களாம். மேலே அச்சடித்திருப்பது என்ன என்று கேட்க, உள்ளது உள்ளபடி சொன்னீர்களாம், இது வாடகை, உணவுக்குப் பின் என்று. அந்தப் பெண் மேலதிகாரியைக் கூப்பிட, அவரும் வந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். சத்தியமாகச் சொல்கிறேன், மூன்றாவது தடவை படிக்கும்போது நான் சிரித்துவிட்டேன். அழுதுகொண்டுதான் சிரித்தேன்.

பிழை என் மேல்தான். ஒரு தடவைதான் எழுதுவேன், இந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு பிறகு வம்புக்கு வராதீர்கள். நம் தெருவில் நடப்பதுதான் உலகம் முழுக்க நடக்கும் என்று நினைத்துவிட்டேன். இங்கே பால்காரர் அட்டையைப் பார்த்தால் விசிறிக்கொள்வார். அங்கே நோட்டைப் பார்த்தால் பயப்படுகிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்?

பெருக்கிப் பார்க்கச் சொன்னதும் தப்பு. நீங்கள் அனுப்பிய கல்லூரி அடையாள அட்டையின் படத்தை மகள்தான் முதலில் பார்த்தாள். 'அம்மா, அப்பா தலைய யாரோ கடிச்சிட்டாங்க' என்று ஓடி வந்தாள். முடி வெட்டும் கூலியைப் பெருக்கிப் பார்த்து, அது நம் வீட்டு ஒரு மாதப் பாலுக்குச் சமம் என்று கண்டு, காகிதம் வெட்டும் கத்தரியால் நீங்களே வெட்டிக்கொண்டீர்கள் என்று கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. பின்னந்தலையில் கண் இல்லாதவர் அந்த வேலைக்குப் போகக் கூடாது. இனிமேல் பெருக்காதீர்கள். அந்த ஊரில் சம்பாதிப்பவர்கள் அந்த ஊர்க் காசில் சாப்பிடுகிறார்கள். நீங்களும் அந்தக் காசிலேயே நினைத்து, அந்தக் காசிலேயே சாப்பிடுங்கள். ஒரு ரொட்டியைப் பெருக்கினால் இரண்டு ரொட்டி ஆகாது.

இன்னொன்று. அந்தக் கவுண்ட்டர் பெண் பொறுமையாக விளக்கினார், சிரித்த முகம், தண்ணீர் கொடுத்தார் என்று பதினொரு வரி எழுதியிருக்கிறீர்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதற்கு அரை வரி, அதிலும் எழுத்துப் பிழை. நானும் கவுண்ட்டரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நாங்கள் எல்லோரிடமும் சிரித்த முகமாகத்தான் இருப்போம், அதற்குத்தான் சம்பளம்.

ஏழாவது பக்கத்துக்கு வருகிறேன். அதைத்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

முப்பதாம் தேதிக்குள் ஃபீஸின் அடுத்த பாதியைக் கட்டாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள், கையில் இருப்பது போதாது, யாரிடமும் கேட்க மனமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 'எனக்கு இதெல்லாம் ஒத்து வராது, நான் வந்துடறேன்' என்று முடித்திருக்கிறீர்கள். அந்த இடத்தில் உங்கள் கையெழுத்து சாய்ந்து கிடக்கிறது. அன்றைக்கு நீங்கள் சாப்பிடவில்லை.

தம்பியிடம் காட்டினேன். அவன் பத்து நிமிடம் போனைத் தடவிவிட்டு, 'அக்கா, மாமா இந்த வாரம் பணத்த மாத்தினா நமக்கு லாபம்' என்றான். அவனை அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டேன்.

டேப் ஒட்டிய கவரைத் திறந்துகொள்ளுங்கள். அது நான் ஸ்கூட்டிக்காகக் கட்டிய சீட்டுப் பணம். அந்த ஊர்க் காசாக மாற்றி வைத்திருக்கிறேன். நீங்கள் திரும்பி வருவதற்கு ஒரு டிக்கெட் வாங்கச் சரியாக இருக்கும். தெரியாத ஊரில், தெரியாத பாஷையில், சின்னஞ்சிறுசுகள் நடுவில் உட்கார்ந்து படிக்க முடியாமல் போனால், வழி இல்லாமல் நிற்கக் கூடாது என்று வைத்தேன். ஒருநாள் ராத்திரிகூட இவருக்கு வீட்டுக்குப் போக முடியவில்லையே என்ற எண்ணம் வரக் கூடாது என்று வைத்தேன்.

வர வேண்டும் என்று தோன்றினால் வாருங்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள், கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். ஆய்வுக்கூடத்தில் உங்கள் இடத்தில் இன்னும் யாரையும் போடவில்லை என்று அங்கே வேலை செய்பவர் மருந்து வாங்க வந்தபோது சொன்னார். வராதீர்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன், எழுத வரவில்லை. வாருங்கள் என்றும் எழுத வரவில்லை.

நீங்களே முடிவு செய்யுங்கள். எதுவானாலும் முதலில் சாப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

உங்கள் மனைவி


ஞாயிற்றுக்கிழமை, துணி காயப் போட்டுவிட்டு

என் கணவருக்கு,

ஃபீஸ் கட்டிய ரசீதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தீர்கள். கீழே ஒரே வரி. 'டிக்கெட் பணத்தை ஃபீஸுக்குக் கட்டிவிட்டேன், கோபமா?'

அப்போது நான் கடையில் இருந்தேன். டானிக் அடுக்கு இருக்கிறதே, அதற்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். மருந்து எடுத்துக் கொடுக்கும் அக்கா வந்து பார்த்துவிட்டு, மூக்கும் கண்ணும் இப்படி ஒழுகினால் ஜலதோஷம்தான் என்று ஒரு மாத்திரையைக் கொடுத்து, தண்ணீரையும் கொடுத்து, விழுங்கும் வரை நகராமல் நின்றார். விழுங்கிவிட்டேன். அன்றைக்கு மதியம் முழுக்கத் தூக்கம் சொக்கியது. உங்கள் படிப்புக்காக நான் மாத்திரை வரைக்கும் போயிருக்கிறேன், நினைவில் இருக்கட்டும்.

கோபம் இல்லை. உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்கிறீர்கள்.

விவரக் கடிதத்தை நேற்றுதான் படித்தேன். வேலை கிடைத்த சேதியை மகள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். வாரத்துக்குச் சில மணி நேரம் வேலை செய்யலாம் என்று கல்லூரியில் அனுமதி உண்டு என்பதால், ஆய்வுக்கூடத்தில் ஆள் தேடுகிறார்களா என்று கேட்கப் போனீர்களாம். சின்னப் பிள்ளைகள் ஆறு பேர் ஏற்கெனவே நின்றார்களாம். கண்ணாடிக் குழாயைக் கொடுத்து ஒவ்வொருவரையும் கழுவச் சொன்னார்களாம். நீங்கள் கழுவி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மறுபடி ஒரு தடவை அலசி, கவிழ்த்து வைத்ததைப் பார்த்துவிட்டு அங்கேயே உங்களுக்கு வேலை என்று சொல்லிவிட்டார்களாம். கழுவுகிற வேலையை விட்டு மேலே போகட்டும் என்று உங்களை விமானம் ஏற்றினால், அங்கேயும் போய்க் கழுவித்தான் நிற்கிறீர்கள். எனக்குச் சிரிப்பும் வருகிறது, பெருமையும் வருகிறது, இரண்டையும் எந்தக் கவரில் போடுவது என்று தெரியவில்லை.

வேலைப் பணத்தில் முதல் செலவு முடி வெட்டுவது. பெருக்கக் கூடாது.

இப்போது அந்தக் கவுண்ட்டர் பெண் விஷயம். வங்கிக் கணக்குக்குள்ளேயே தனித்தனியாக அறை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்கலாம் என்று அவர் போனில் காட்டிக் கொடுத்தாராம். வாடகை என்று ஒன்று, பஸ் என்று ஒன்று, சாப்பாடு என்று ஒன்று நீங்களே வைத்தீர்களாம். அட்டையைத் தேய்த்தால் அந்தந்த அறையிலிருந்து போகுமாம். சாப்பாட்டு அறையில் பணம் குறைந்தால் போனே மணி அடித்துச் சொல்லுமாம். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. மணி அடித்துச் சொல்வது இத்தனை வருடம் என் வேலையாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் கவரில் செய்ததைத்தான் அவர்கள் பெரிய கட்டடம் கட்டி, குளிர்சாதனம் போட்டுச் செய்கிறார்கள். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இந்த யோசனை எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். சொல்லும்போது சிரித்த முகமாகச் சொல்ல வேண்டாம், சாதாரணமாகச் சொன்னால் போதும்.

காலிக் கவர்களை எறிந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எறியக் கூடாது. புத்தகத்துக்கு அடையாளமாக வையுங்கள், பொத்தான் போட்டு வையுங்கள், ஒன்றுமில்லாவிட்டால் சும்மாவாவது வையுங்கள்.

இங்கே சேதி அதிகமில்லை. மகள் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். எப்படி என்று கேட்டால், 'அப்பாவோட ரொட்டியப் பெருக்கிப் பெருக்கி வந்துடுச்சு' என்கிறாள். நான் வேண்டாம் என்று சொல்லியும் அவள் விடவில்லை. தம்பி இப்போது காலை எழுந்ததும் அந்த ஊர்க் காசின் விலையைச் சொல்வதில்லை. டிக்கெட் பணம் போய்விட்டது என்று தெரிந்த நாளிலிருந்து அவன் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. நேற்று மட்டும் சாப்பிடும்போது, 'மாமா ரெண்டு வருஷம் முழுசா இருந்துட்டுத்தான் வருவாரு, இல்லக்கா' என்றான். ஆமாம் என்றேன். அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.

திரும்பி வருவதற்கு வைத்திருந்ததை அங்கே இருப்பதற்குச் செலவழித்துவிட்டீர்கள். அதைத்தான் நீங்கள் செய்ய வேண்டும் என்று நினைத்தேன், எழுதத்தான் முடியவில்லை. ஆனால் இத்தனை நாளும் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது, அந்தக் கவர் உங்கள் பெட்டிக்கு அடியில் இருக்கிறது, வேண்டுமானால் நாளைக்கே அவர் வந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு இருந்தது. இப்போது அந்த நினைப்பு இல்லாமல் பஸ் ஏறிப் பழகிக்கொண்டிருக்கிறேன். காற்று நன்றாகத்தான் வருகிறது.

முந்தாநாள் சம்பளம் வந்தது. வழக்கம்போல உட்கார்ந்து பிரித்தேன். பால், கரண்ட், பள்ளிக்கூடம், வாடகை எல்லாம் முடிந்த பிறகு புதிதாக ஒரு கவர் எடுத்தேன். பெயர் எழுதவில்லை. எழுதினால் மகள் நாள் எண்ண ஆரம்பித்துவிடுவாள். நாலு பெரிய நோட்டு வைத்தேன். மாதாமாதம் இதே அளவு வைத்தால், நீங்கள் பட்டம் வாங்கும் நேரத்துக்கு ஒரு டிக்கெட்டுக்குச் சேர்ந்துவிடும். வேறு எதற்கும் அதைத் தொட மாட்டேன். நீங்கள் பாதியில் வரக் கூடாது, முடித்துவிட்டு வராமலும் இருக்கக் கூடாது.

கட்டங்களில் ஒன்றும் குறிக்க வேண்டாம் என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். இந்தக் கவரில் மட்டும் காலை, மதியம், இரவு மூன்றிலும் டிக் போட்டிருக்கிறேன்.

நன்றாகப் படியுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மனைவி